கல்லூரியில் விமர்சனச் சிந்தனையைக் கற்பிப்பது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. பயிற்சி வகுப்பு முடிந்து வெளியே வரும்போதும், விடைத்தாள் திருத்தும் அறையிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வினாத்தாளையும் வகுப்பு நேரத்தையும் தொடாமல் செய்யும் சீர்திருத்தம் எதுவும் அறிவிப்புப் பலகையைத் தாண்டாது.

விமர்சனச் சிந்தனை என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாவற்றையும் எதிர்த்துப் பேசுவதையா?

எதிர்த்துப் பேச யாருக்கும் பயிற்சி தேவையில்லை. தனக்குப் பிடித்த முடிவையே சோதித்துப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்.

1990இல் பீட்டர் ஃபசியோனி தலைமையில் 46 வல்லுநர்கள் பல சுற்று விவாதத்துக்குப் பிறகு ஒரு வரையறைக்கு வந்தார்கள். பொருள் கொள்ளுதல், பகுத்துப் பார்த்தல், மதிப்பிடுதல், இருப்பதை வைத்து முடிவுக்கு வருதல், விளக்கிச் சொல்லுதல், தன் சிந்தனையைத் தானே சரிபார்த்தல் என்று ஆறு திறன்களை அதில் சொன்னார்கள். பட்டியல் சரிதான். ஆனால் காலை முதல் வகுப்புக்குள் நுழையும்போது இந்த ஆறு சொற்களை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

வகுப்பறைக்கு மூன்று கேள்விகள் போதும் என்பது என் கணக்கு. மாணவர் ஒரு முடிவைச் சொல்லும்போது, அது எப்படித் தெரியும் என்று அவரால் சொல்ல முடிகிறதா? அதே தகவலுக்கு வேறு விளக்கமும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுகிறதா? எது தெரியவந்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வார்? மூன்றாவதில்தான் பலரும் திணறுவார்கள், நம்மையும் சேர்த்து.

கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தால் அது தானாக வந்துவிடாதா?

கொஞ்சம் வரும். எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்சா என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 24 கல்வி நிறுவனங்களில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் 45% மாணவர்களிடம் சிந்திக்கும், எழுதும் திறனில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்றது அது. பிறகு 2016இல் ஹூபர், குன்செல் இருவரும் பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. சேரும்போது 100 பேரில் நடுவில் நின்ற ஒரு மாணவர், படித்து முடிக்கும்போது அதே பழைய 100 பேரில் 70 பேரைத் தாண்டி நிற்பார் என்கிற அளவுக்கு முன்னேற்றம் இருக்கிறது.

முதல் ஆய்வில் பலர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. வாரத்துக்கு 40 பக்கத்துக்கு மேல் வாசிக்கவும், செமஸ்டரில் 20 பக்கத்துக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களைப் படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். ஆகவே எத்தனை ஆண்டு படித்தார் என்பதோடு, அந்த ஆண்டுகளில் அவரிடம் என்ன வேலை வாங்கினோம் என்றும் கேட்டாக வேண்டும்.

இதற்கென்று தனியாக ஒரு பாடம் வைத்துவிட்டால் என்ன?

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். ஒரு தாள், இரண்டு கிரெடிட், வேலை முடிந்தது.

இதை ஆணித்தரமாக எதிர்த்தவர் ஜான் மெக்பெக். சிந்திப்பது என்றால் எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிச் சிந்திப்பதுதான், பொருளே இல்லாத பொதுச் சிந்தனைத் திறன் என்று ஒன்று கிடையாது என்று 1981இல் அவர் வாதிட்டார். மறுபக்கம் ராபர்ட் என்னிஸ், எல்லாத் துறைக்கும் பொதுவான சில கொள்கைகள் உண்டு என்றார். 1989இல் கற்பிக்கும் வழிகளை அவர் நான்காகப் பிரித்தார்: தனிப் பாடமாக நடத்துவது, துறைப் பாடத்துக்குள் வெளிப்படையாகச் சேர்த்து நடத்துவது, துறைப் பாடத்தை ஆழமாக நடத்தி, சிந்தனை தானாக ஊறும் என்று விட்டுவிடுவது, தனிப் பாடத்தையும் துறைப் பாடத்துக்குள் நடத்துவதையும் கலப்பது.

2008இல் ஃபிலிப் அப்ராமியும் குழுவினரும் 117 ஆய்வுகளை இந்த நான்கு வகையில் அடுக்கிப் பார்த்தார்கள். கலப்பு முறைக்கு நல்ல பலன் இருந்தது. மிகக் குறைந்த பலன் மூன்றாவது வகைக்கு. அதாவது, "நான் பாடத்தை நன்றாக நடத்துகிறேன், சிந்தனை அதோடு சேர்ந்து வந்துவிடும்" என்ற நம் எல்லோருடைய நம்பிக்கைக்கு. ஆசிரியர்களுக்கு இதற்கெனப் பயிற்சி கொடுத்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது என்பதையும் அந்தத் தொகுப்பில் பார்க்கலாம். பாடத்திட்டத்தில் நோக்கத்தை மட்டும் எழுதிவைத்து, ஆசிரியரைப் பழைய மாதிரியே விட்டுவிட்ட இடங்களில் அந்த அளவு பலன் இல்லை.

எனக்குச் சரியாகப்படுவது இது: உங்கள் பாடத்தையே நடத்துங்கள், ஆனால் சிந்தனையின் அசைவை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இப்போது ஒரு மாற்று விளக்கத்தைத் தேடப் போகிறோம்", "இந்த முடிவுக்கு அடியில் சொல்லாமல் விட்ட அனுமானம் ஒன்று இருக்கிறது, அதை எடுப்போம்" என்று பெயர் வைத்துச் செய்யுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அதே பெயரை மறுபடி சொல்லுங்கள். இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் மாணவருக்கு அது பழகும்.

அடிப்படையே தெரியாத மாணவரிடம் போய் எப்படிச் சிந்திக்கச் சொல்வது?

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சோதனையைச் சொன்னால் விளங்கும்.

மேசையில் நான்கு அட்டைகள். மேலே தெரிவது: அ, க, 4, 7. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. விதி பொய்யா என்று தெரிந்துகொள்ள எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பீட்டர் வேசன் 1960களில் உருவாக்கிய புதிர் இது. பெரும்பாலானோர் 'அ', '4' என்பார்கள். சரியான விடை 'அ', '7'. 4க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். பட்டப்படிப்பு மாணவர்களில்கூட சரியாகச் சொல்பவர்கள் பத்தில் ஒருவர் தேறுவது அபூர்வம்.

1982இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் அதே புதிரை வேறு வேடத்தில் கொடுத்தார்கள். அட்டையின் ஒரு பக்கம் ஒருவர் என்ன குடிக்கிறார் என்பது, மறுபக்கம் அவர் வயது. பீர் குடித்தால் குறிப்பிட்ட வயது தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரையும் வயது குறைந்தவரையும். நான்கில் மூன்று பங்குக்கு அருகில் சரியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே தர்க்கம்தான், ஆனால் பழகிய களத்தில் மூளை ஓடுகிறது, பழகாத களத்தில் நொண்டுகிறது.

ஆகவே அறிவு வேண்டும், சந்தேகமே இல்லை. 1981இல் மிஷலின் சீ குழுவினர் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிதாகப் படிப்பவர்கள் "இது சாய்தளக் கணக்கு, இது கப்பிக் கணக்கு" என்று வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் "இது ஆற்றல் அழியா விதி" என்று உள்ளே இருக்கும் கொள்கையை வைத்துப் பிரித்தார்கள். ஆனால் இதிலிருந்து "முதல் இரண்டு ஆண்டு தகவல், மூன்றாம் ஆண்டு சிந்தனை" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வெளித்தோற்றத்தைத் தாண்டிப் பார்க்க வைப்பதே சிந்தனைப் பயிற்சிதான். ஒரே கொள்கையுடைய மூன்று கணக்குகளை வெவ்வேறு வேடத்தில் கொடுத்து, இவற்றில் எது பொதுவானது என்று கேட்பதை முதல் வாரத்திலேயே செய்யலாம்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

யார் முடிக்கிறார்கள்? நாம் முடிக்கிறோம். அவர்கள் முடித்தார்களா என்பது வேறு விஷயம்.

1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் பாடப்பிரிவுகளைச் சேர்ந்த சுமார் 6,500 மாணவர்களின் தரவைத் தொகுத்தார். பாடம் தொடங்கும் முன், அடிப்படைக் கருத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு தேர்வு, முடிந்த பின் அதே தேர்வு. வழக்கமான விரிவுரை வகுப்புகளில், முன்பு தெரியாமல் இருந்தவற்றில் சராசரியாக 23% மட்டுமே புதிதாகப் பிடிபட்டிருந்தது. மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 48%. அதாவது விரிவுரையில் எல்லாவற்றையும் "முடித்த" பிறகும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்ச் சேரவில்லை. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34%, செயல்வழி வகுப்புகளில் சுமார் 22% என்று வந்தது.

எதைக் குறைப்பது? புத்தகத்தில் தெளிவாக இருப்பதைப் பலகையில் திரும்ப எழுதுவதைக் குறைக்கலாம். ஸ்லைடில் இருப்பதை வாசித்துக் காட்டுவதை அடியோடு நிறுத்தலாம். வரையறைகளை முந்தின நாளே வாசித்து வரச் சொல்லி, முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னத் தேர்வு வைத்தால் வாசித்து வருவார்கள். மதிப்பெண் இல்லாவிட்டால் வாசிக்க மாட்டார்கள், அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சரி, ஒரு மணி நேர வகுப்பில் குறிப்பாக என்ன செய்யலாம்?

எரிக் மசூர் 1991இல் ஹார்வர்டில் தொடங்கிய சகமாணவர் வழிக் கற்பித்தலை முதலில் சொல்வேன். கருவி எதுவும் வேண்டாம், 20 பேர் வகுப்பிலும் 200 பேர் வகுப்பிலும் நடக்கும்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு கருத்தை நடத்துகிறீர்கள். அப்புறம் ஒரு கேள்வி. உதாரணத்துக்கு: ஒரு சின்னக் குளத்தில் படகு மிதக்கிறது, படகில் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டுவிட்டால் குளத்தின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, மாறாமல் இருக்குமா? ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையை எழுத வேண்டும், பேச்சு கூடாது. பிறகு கையோ விரலோ காட்டச் சொல்லுங்கள். 30 முதல் 70% வரை சரி என்றால், பக்கத்தில் இருப்பவரைத் தன் விடைக்குச் சம்மதிக்க வைக்கச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மறுபடி விரல் காட்டச் சொன்னால் சரியான விடைக்கு ஆள் கூடியிருக்கும். பிறகுதான் நீங்கள் வாய் திறக்க வேண்டும். (நீர்மட்டம் தாழும். படகில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. மூழ்கிய பின் தன் கனஅளவுக்கான நீரை மட்டும்.) 30%க்குக் கீழே என்றால் விவாதம் வீண், மறுபடி நடத்துங்கள். 70%க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லி நகருங்கள்.

முதல் வாக்கெடுப்பைப் பேச்சில்லாமல் நடத்துவது இதில் முக்கியம். அதைத் தவறவிட்டால் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒருவர் சொல்வதே எல்லோருடைய விடையாகிவிடும். அதேபோல முதல் வாக்கெடுப்பின் முடிவைப் பலகையில் போடாதீர்கள். போட்டால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வார்கள்.

கேள்வியை உருவாக்குவதில்தான் உழைப்பு. நல்ல கேள்வியில் ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் மாணவர் உண்மையாகவே நம்பும் ஒரு காரணம் இருக்கும். பழைய விடைத்தாள்களில் அந்தக் காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

கேள்வி கேட்டால் யாரும் வாயே திறப்பதில்லையே?

எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோவ் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார் என்று கண்டார். மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, பேசுகிறவர்கள் கூடினார்கள். அவர் பார்த்தது பள்ளிகளை. கல்லூரியிலும் நம் பொறுமை அதைவிடப் பெரிதில்லை. முதலில் எழுதச் சொல்லிவிட்டு, எழுதியதை வாசிக்கச் சொன்னால் கூச்சம் பாதி போய்விடும்.

"நீங்களே விடையைச் சொல்லிவிடுங்கள் சார்" என்கிறார்கள். ஆண்டு இறுதி மதிப்பீட்டிலும் எனக்குக் குறைவாகப் போடுகிறார்கள்.

போடுவார்கள். இதற்கு ஆதாரமே இருக்கிறது. லூயி டெலோரியர் குழுவினர் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பில் செய்து 2019இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவுக்குத் திறமையான விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், அதே துணைக்குறிப்புகள், ஆனால் கணக்கை முதலில் மாணவர்களே போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வில் இரண்டாம் பிரிவு அதிகம் வாங்கியது. "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்ற உணர்வு மட்டும் விரிவுரை கேட்டவர்களுக்கே அதிகம். தடுமாறினால் கற்கவில்லை என்றும், சரளமாகக் கேட்டால் புரிந்துவிட்டது என்றும் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

செமஸ்டர் தொடக்கத்திலேயே இந்த ஆய்வை மாணவர்களுக்குச் சொல்லி, ஒரு சின்னத் தேர்வில் அவர்கள் கண்முன்னே காட்டிவிட்டால் முணுமுணுப்பு குறையும். ஆனால் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. மாணவர் திருப்தி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஆசிரியரை எடைபோட்டால், விரிவுரைக்குத் திரும்பிப் போ என்று நீங்களே தள்ளுகிறீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வில்லியம் பெர்ரி ஹார்வர்ட் மாணவர்களை ஆண்டுதோறும் நேர்காணல் செய்து 1970இல் வரைந்த வளர்ச்சிப் படிகளில், முதல் படியில் இருப்பவருக்கு உலகில் சரி, தவறு இரண்டே உண்டு. விடை ஆசிரியரிடம் இருக்கிறது. அவரிடம் போய் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால், விடையை ஒளித்து விளையாடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்த படியில் இருப்பவர் "எல்லாம் அவரவர் கருத்து" என்பார், இவரைச் சமாளிப்பது இன்னும் சிரமம். இரண்டு கருத்துகளைக் கொடுத்து, எதற்கு ஆதாரம் வலுவானது என்று தீர்மானிக்க வைத்தால் இருவருமே ஓர் அடி நகர்வார்கள்.

வினாத்தாளை எப்படி மாற்றுவது? வெளித்தேர்வு நம் கையில் இல்லையே?

உள்மதிப்பீடு கையில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் மாணவர் படிப்பார். ஒப்பிப்பதற்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, சிந்திக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

"தேவை விதியை விளக்குக, 10 மதிப்பெண்" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். (மற்றவை மாறாமல் இருக்க, விலை உயர்ந்தால் வாங்குவது குறையும் என்பதுதான் தேவை விதி.) இதை இப்படி மாற்றலாம்: "ஒரு பொருளின் விலை 10% உயர்ந்தது. அதே மாதம் அதன் விற்பனையும் உயர்ந்தது. இது தேவை விதியைப் பொய்யாக்குகிறதா? இந்த நிகழ்வுக்குக் குறைந்தது இரண்டு விளக்கங்கள் தருக. அவற்றில் எது சரி என்று தீர்மானிக்க மேலும் என்ன தகவல் கேட்பீர்கள்?" விதி தெரியாமல் இதை எழுத முடியாது. நோட்ஸை மனப்பாடம் செய்து மட்டும் எழுதவும் முடியாது. மூன்றாவது பகுதிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைப்பேன்.

புள்ளியியலுக்கு உண்மைத் தரவே இருக்கிறது. 1973இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44% பேருக்கும் பெண்களில் சுமார் 35% பேருக்கும் இடம் கிடைத்தது. பாகுபாடு என்று தோன்றும். துறைவாரியாகப் பிரித்தால் பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு தெரியவில்லை. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். முதல் பாதியை மட்டும் கொடுத்து, "முடிவு சொல்லும் முன் என்ன கேட்பீர்கள்?" என்று நிறுத்துங்கள். அரை மணி நேரம் வகுப்பு தானாக ஓடும்.

வரலாற்றில் ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு ஆவணப் பகுதிகளைக் கொடுக்கலாம். இலக்கியத்தில் ஒரு கவிதைக்கு நம்பும்படியான, ஆனால் ஒரு வரியோடு மோதும் விளக்கத்தைக் கொடுத்து அந்த வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட கேள்வியை வகுப்பில் பழக்காமல் நேரே தேர்வில் வைத்தால் அது அநியாயம். அதே கேள்வியை வகுப்பில் விவாதித்துவிட்டுத் தேர்விலும் வைத்தால், அதுவும் மனப்பாடக் கேள்வியாகிவிடும். வகை பழகியதாக இருக்கட்டும், கேள்வி புதிதாக இருக்கட்டும்.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?

வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பதால் அது நிற்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி 2006இல் செய்த சோதனையில், ஒரு குழு உரைப்பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் சுமார் 40%, எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் சுமார் 61%. டன்லோஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதலில் வந்தன. மாணவர்களுக்கு மிகவும் பிடித்த அடிக்கோடிடுதலும் மறுவாசிப்பும் கடைசி வரிசையில்.

போலி வாதங்களின் பட்டியலைக் கற்றுக்கொடுக்கலாமா?

அளவோடு. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் உள்ளே ஓட்டை உள்ள வாதம்தான் போலி வாதம். பெயர்களை மட்டும் கற்றுக்கொண்ட மாணவர் அதை அடுத்தவரை மடக்கத்தான் பயன்படுத்துவார். தான் எழுதிய கட்டுரையில் ஒரு போலி வாதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அங்கே பட்டியல் உதவும்.

விடைத்தாளில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிறேன். யாரும் படிப்பதில்லை.

மதிப்பெண்ணையும் குறிப்பையும் ஒன்றாகக் கொடுத்தால் கண் மதிப்பெண்ணில் நின்றுவிடும். ரூத் பட்லர் 1988இல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் அளவுக்கே நின்றார்கள். முதலில் குறிப்பை மட்டும் கொடுத்து, திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண் போடுங்கள். 60 தாள் என்றால் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். ஒரு தாளுக்கு ஒரே கேள்வி போதும்: "இந்த முடிவுக்கு மூன்றாம் பத்தியில் உள்ள ஆதாரம் போதுமா?" என்பது போல.

இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அப்படியே நம்புகிறார்கள். என்ன செய்வது?

நாம் கொடுக்கும் அறிவுரையிலேயே கோளாறு இருக்கிறது. "பக்கத்தைக் கவனமாகப் படி, வடிவமைப்பைப் பார், எங்களைப் பற்றி என்ற பகுதியைப் பார்" என்கிறோம். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மாணவர்களும் பேராசிரியர்களும் ஒரே பக்கத்தில் மேலும் கீழும் ஓடி, அழகான சின்னத்தையும் முகவரியையும் நம்பினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை விட்டுச் சட்டென்று வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். ஒரு வகுப்பில் செய்து காட்டினால் போதும், இது எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம்.

சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்ட்டுக்கு அர்த்தம் இருக்கிறதா?

வீட்டில் எழுதி வரும் பொதுவான கட்டுரைக்கு இல்லை. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒருவரைத் தண்டிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். மாணவர் கையால் எழுதியதையே இயந்திரம் எழுதியது என்று அவை காட்டுவதுண்டு.

மூன்று வழிகள் தெரிகின்றன. வகுப்பிலேயே கையால் எழுத வைப்பது. எழுதியதைப் பற்றி ஐந்து நிமிட வைவா வைப்பது. தான் எழுதாததைத் தாங்கிப் பேசுவது கடினம். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: அந்த இயந்திரம் எழுதிய விடையையே அச்சிட்டுக் கொடுத்து, எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை, எது பாதி உண்மை, எந்த மேற்கோள் இல்லவே இல்லாதது என்று குறிக்கச் சொல்வது. உறுதியான தொனியில் தவறாகப் பேசும் உரை வேண்டும் என்றால் முன்பு நாமே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. இப்போது இலவசமாகக் கிடைக்கிறது.

மாணவர் என் கருத்தையே மறுத்தால்?

ஆதாரத்தோடு மறுத்தால் மற்றவர்கள் முன்னிலையில் "இது நல்ல மறுப்பு" என்று சொல்லுங்கள். ஆதாரம் இல்லாமல் மறுத்தால் எது இருந்தால் அது வலுப்படும் என்று கேளுங்கள். மறுத்தவருக்கு உள்மதிப்பீட்டில் கை வைத்தீர்கள் என்றால், அடுத்த மூன்று ஆண்டுக்கு அந்த வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். செய்தி சீனியர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆய்வகப் பாடங்களில் இதற்கு இடம் உண்டா? அங்கே எல்லாம் கையேட்டில் இருப்பதுபோல்தானே?

அங்கேதான் நல்ல இடம் இருக்கிறது, வீணாகிக்கொண்டும் இருக்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த சோதனையில் மாணவர் செய்யும் ஒரே சிந்தனை, வராத எண்ணை எப்படி வரவைப்பது என்பதுதான்.

நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் மூவரும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் செய்து 2015இல் வெளியிட்டது மிகச் சின்ன மாற்றம்தான். தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொண்டார்கள். சிறிய கோணத்திலும் சற்றுப் பெரிய கோணத்திலும் அலைவு நேரத்தை அளந்து, இரண்டையும் பிழை எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டதோடு விடக்கூடாது, அடுத்து என்ன செய்வது என்று தீர்மானித்து, அளவீட்டை மேம்படுத்தி மறுபடி அளக்க வேண்டும். அலைவு நேரம் கோணத்தைப் பொறுத்ததல்ல என்றுதான் பாடப்புத்தகச் சூத்திரம் சொல்கிறது. அளவீடு துல்லியமாக ஆக ஆக, இரண்டு எண்களும் ஒன்றில்லை என்பது தெரியத் தொடங்கும். புத்தகச் சூத்திரம் ஒரு தோராயம் என்பதை மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கிறார்.

இப்படிப் பயின்றவர்கள், வழக்கமான முறையில் பயின்றவர்களைவிடச் சோதனை முறையை மேம்படுத்த யோசனை சொல்லவோ மாற்றவோ 12 மடங்கு அதிகம் முன்வந்தார்கள். தங்கள் தரவை வைத்துக் கோட்பாட்டின் எல்லையைச் சுட்டிக்காட்டியவர்கள் 4 மடங்கு அதிகம். ஒப்பிடச் சொல்லும் கட்டளைகளைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்ட பிறகும், அடுத்த ஆண்டு வேறொரு பாடத்திலும்கூட அந்தப் பழக்கம் அவர்களிடம் தெரிந்தது. புதிய உபகரணம் எதுவும் வாங்கவில்லை. "சோதனையைத் திரும்பச் செய்ய நேரம்" என்று கால அட்டவணையில் ஒதுக்கினார்கள், அதற்காகச் சில சோதனைகளை விட்டுவிட வேண்டியிருந்தது.